அரை நியூட்ரான்

தேர்வு நுழைவுச்சீட்டில் அவருடைய தொழில் ‘மாணவர்’ என்று இருந்தது. வயது ஐம்பத்தொன்று. பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாகக் குடுவை கழுவுகிறவர். அந்த வேதியியலில்தான் இரண்டு முறை தோற்றிருந்தார். இந்த முறையும் தோற்றால் ஆய்வக உதவியாளர் பதவி வேறொருவருக்குப் போய்விடும்.

தேர்வுக்கு முந்தின நாள் மாலை, மனைவியின் தையல் இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்து அணு அமைப்பைத் திருப்பிப் பார்த்தார். குளோரினின் அணு நிறை முப்பத்தைந்தரை, புரோட்டான் பதினேழு. கழித்து, நியூட்ரான் பதினெட்டரை என்று எழுதினார்.

“ஏங்க, அரை நியூட்ரானை எவன் வெட்டினான்?” என்றாள் மனைவி.

“புத்தகத்துல முப்பத்தஞ்சரைன்னுதானே இருக்கு?”

“பக்கத்துலயே சராசரின்னும் இருக்கு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிங்க. மூணு பேருக்கு மார்பளவு முப்பத்தஞ்சு, ஒருத்தருக்கு முப்பத்தேழு. சராசரி முப்பத்தஞ்சரை. அந்த அளவுல நாலு சட்டை தைச்சா நாலு பேரும் என்னை உதைக்க வருவாங்க.”

அவர் இயந்திரத்தின் பக்கத்தில் கிடந்த சட்டைகளைப் பார்த்தார். “அப்போ குளோரின்லயும் ரெண்டு அளவு இருக்கா?”

“அடுத்த வரியில இருக்கு.”

மறுநாள் தேர்வில் குளோரினுக்கு எத்தனை நியூட்ரான் என்ற அதே கேள்வி வந்தது. நான்கில் மூன்று அணுக்களுக்குத் தலா பதினெட்டு நியூட்ரான், நான்காவதற்கு இருபது என்று எழுதிவிட்டு வந்து, ஆய்வகத்தில் மிச்சமிருந்த குடுவைகளைக் கழுவினார்.