லினக்ஸில் ஒரு ஓட்டை, உள்பக்கமாக

சிஸ்டம் அட்மின் வேலை என்பது, இன்னும் நடக்காத ஒன்றுக்காகப் பயந்துகொண்டே இருப்பதற்குச் சம்பளம் வாங்குவது. திண்டிவனத்தில் ஒரு நர்சிங் கல்லூரி, விழுப்புரத்தில் அதே நிர்வாகத்தின் மருத்துவமனை, இரண்டு இடத்து கம்ப்யூட்டர்களும் என் பொறுப்பு. ஒருநாள் காலை திண்டிவனம் பஸ்ஸில் கூட்டேரிப்பட்டு தாண்டும்போது போனில் எச்சரிக்கை வந்தது. எங்கள் கம்ப்யூட்டர்களை இயக்கும் லினக்ஸில் ஓட்டை. சாதாரண அக்கவுண்டில் நுழைந்த யாரும் முழு அதிகாரமுள்ள அட்மின் ஆகிவிடலாம். சரிசெய்யும் பேட்ச் இன்னும் வரவில்லை. இதைப் படித்துவிட்டு ஜன்னலோரக் காற்றிலும் வியர்ப்பவர்கள் நம்மைத் தவிர யார், சொல்லுங்கள்?

ஃபயர்வால் இருக்கிறதே!

கல்லூரி மேனேஜர் தனசேகர் சாரிடம் ஓடினேன். "போன வருஷம்தானே ஃபயர்வால் வாங்கினோம்?" என்றார்.

அது வெளியிலிருந்து வருபவரைத் தடுக்கும், இது ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கான வழி என்றேன். வரவேற்பறையில் உட்காரச் சொன்னவர், யாரையும் கேட்காமல் ஆபரேஷன் தியேட்டர் சாவியை எடுத்துக்கொள்வது மாதிரி. கல்லூரி சர்வரில் எல்லா மாணவிகளுக்கும் அக்கவுண்ட் உண்டு. அவர்களுடைய மார்க்கும் அதே சர்வரில்தான். சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அப்ப நம்ம பொண்ணுங்களையே சந்தேகப்படச் சொல்றியாம்மா?"

ஒரே ஒரு வரி

ஓட்டை ஒரு சின்ன புரோகிராமில் இருந்தது. யார் அழைத்தாலும் அது அட்மின் அதிகாரத்தோடு ஓடும். பேட்ச் வரும்வரை அந்த அதிகாரத்தைப் பிடுங்கி வைப்பதுதான் ஒரே தற்காப்பு. ஒரு வரி கட்டளைதான், ஆனால் எழுத்து பிசகினால் வேறேதாவது முடங்கும். கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் மாடல் எக்ஸாம் நடந்துகொண்டிருந்தது. நிறுத்த முடியாது என்று விரிவுரையாளர் கலைச்செல்வி கறாராகச் சொல்லிவிட்டார்.

எழுத்தெழுத்தாக உதடசைத்துப் படித்து, என்டரைத் தட்டினேன். மாணவிகள் பாட்டுக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். சாதாரண அக்கவுண்டில் நுழைந்து, அந்த புரோகிராம் வழியாக அட்மின் ஆகப் பார்த்தேன், முடியவில்லை. அப்பாடா என்பதற்குள், அடிக்கடி மக்கர் செய்யும் பிரிண்டர் நின்றது. அதை மறுபடி கிளப்பும் பட்டன் வேலை செய்யவில்லை; அதுவும் அந்த புரோகிராமை நம்பித்தான் இருந்திருக்கிறது.

"மேடம், திருடன் வர்ற வழிய அடைச்சீங்க, சரி. நாங்க போற வழியையும் சேத்து அடைச்சிட்டீங்களே!" என்றார் கலைச்செல்வி.

பட்டியலில் இன்னொருவர்

பிரிண்டரை நானே கிளப்பிவிட்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். மருத்துவமனை ரத்தப் பரிசோதனை லேபிலும் அதே லினக்ஸ். முதலில் ஓட்டையை அடைத்தேன். பிறகு, அதற்குள் யாராவது நுழைந்திருப்பார்களோ என்று அட்மின் பட்டியலைப் பார்த்தேன். என் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும். எனக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. நோயாளிகளின் ரிசல்ட் முழுக்க அந்த கம்ப்யூட்டரில். யாராவது ஒரு எண்ணை மாற்றியிருந்தால்?

அந்த அக்கவுண்டைப் பூட்டிவிட்டு, டெக்னீஷியன் ஜெயந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். பரிசோதனை மெஷினிலேயே தனியாக ஒரு நகல் இருக்கும். "ஒண்ணு விடாம ஒத்துப் பாத்துடலாம்" என்று உட்கார்ந்தார். அதுவரை ஒரு அம்மாவின் ஆபரேஷன் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாவின் கணவர், திருவாமாத்தூர் விவசாயி, கதவண்டை வந்து வந்து போனார். காரணத்தைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை. கடைசியில் எல்லாம் ஒத்துப்போயின. ஜெயந்தி ரிப்போர்ட்டைக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு அந்த விவசாயி என்னிடம் சொன்னார்:

"எம் பொண்டாட்டிக்கு டெஸ்ட்டு பண்ணச் சொன்னா, கம்ப்யூட்டருக்குப் பண்ணிக்கினு கீறீங்களேம்மா!"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சாயங்காலம் ஜெயந்தி சொன்ன பிறகுதான் நான் தண்ணீரே குடித்தேன்.

யார் அது?

அந்த கம்ப்யூட்டரை நிறுவிக் கொடுத்த தனியார் இன்ஜினியருக்கு போன் போட்டேன். பட்டியலில் இருந்த பெயரைச் சொன்னதும் மறுமுனையில் சிரிப்பு. அவர் சொன்ன பதிலுக்குத் திட்டுவதா, நிம்மதியில் அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"அட, அது நான்தாங்க! ரிப்பேருக்கு வந்து போற எடமாச்சே, நம்மகிட்டயும் ஒரு சாவி கெடக்கட்டும்னு வச்சிக்கினேன்."

பிறகு பேட்ச் வந்தது, இரண்டு ஊரிலும் போட்டேன், ஓட்டை மூடியது. என் படபடப்புக்குத்தான் இதுவரை யாரும் பேட்ச் வெளியிடவில்லை.