அந்தோணி விடச் சொன்ன குமிழி

அந்தோணி இப்படித்தான் போவார் என்று நான் முன்பே சொன்னேன். நம் நீச்சல் கழகத்தில் ஒருவரும் காதில் வாங்கவில்லை. முக்குளிப்புக்கான காற்றுச் சிலிண்டரைத் தோளுக்கு ஒன்றாகச் சுமந்து மூன்று மாடி ஏறுகிற கிழட்டு இதயம் எத்தனை நாள் தாங்கும்? செவ்வாய் காலை என் அக்கா மகன் கார்த்தி ஸ்ரீரங்கம் வீட்டுக்குப் போன் செய்தான். "மாமா, அந்தோணி சார் போயிட்டாரு. தூக்கத்துலயே." அவன் 'ஹலோ' என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

கைலாசபுரம் தொழிற்சாலையில் நானும் அவரும் ஒரே ஷிப்ட். பாய்லரின் அழுத்தத்தைச் சோதிப்பது அவர் வேலை. தொழிற்சாலையே என் தலையில்தான் ஓடியது என்பது வேறு விஷயம். ஓய்வுக்குப் பிறகு ஸ்கூபா முக்குளிப்பு கற்று, புதியவர்களை நீச்சல் குளத்தில் பழக்கி, பிறகு பாண்டிச்சேரிக் கடலில் இறக்கினார்.

அவரை அதிகம் படுத்தியவர்கள் காவிரியில், அம்மா மண்டபம் படித்துறையில் முங்கி வளர்ந்த நாங்கள்தான். தலை தண்ணீருக்குள் போனதும், வாயில் காற்றுக் குழாய் இருப்பதை மறந்து மூச்சை அடக்கிக்கொள்வோம்.

"யோவ் ரங்கா, இது என்ன காவிரியா? குமிழி எங்கய்யா? கீழ இழுத்த காத்து மேல வர வர விரியும். அடைச்சு வச்சா இரும்பே வெடிக்கும். உன் நுரையீரல் என்ன பாய்லரை விடக் கெட்டியா?"

"கெட்டிதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சளியோடு பாண்டி வரை வந்த பெண் ஒருத்தியைப் படகிலேயே உட்கார வைத்தார். "காது அடைச்சுக்கும்மா. கடல் எங்கயும் போயிடாது."

வரும் ஞாயிறு கார்த்தியும் நம் கழகத்தினர் ஏழு பேரும் அவரில்லாமல் பாண்டிக் கடலில் இறங்குகிறார்கள். வேறு பயிற்சியாளர் இருக்கிறார். ஆனாலும் நேற்று கார்த்தி சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பயமா இருந்தா மூச்சை அடக்கிட்டு விர்ருனு மேல வந்துடுவேன் மாமா. நீங்களும் அப்படித்தானே வந்தீங்க, என்ன ஆயிடுச்சு?"

இரண்டு வருடமாக அந்தக் கதையை ஊர் முழுக்கச் சொன்னவன் நான். கடலுக்கடியில் முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது உண்மை. மூச்சை அடக்கி எம்பியதும் உண்மை. அந்தோணி என் இடுப்புப் பட்டையைப் பிடித்து நிறுத்தி, முகத்துக்கு நேரே குமிழி விட்டுக் காட்டினார். நான் மூச்சை விடும்வரை அவர் பிடி தளரவில்லை. பிறகு குமிழியை முந்தாமல், மெல்ல மெல்ல மேலே கூட்டி வந்தார். படகில் ஒருவரிடமும் இதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

அந்தப் பிடி இன்னும் என் இடுப்பில் இருக்கிறது. எனக்கென்று அவர் விட்டுப்போனது அதுதான். எட்டுப் பேரும் இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்: விர்ரென்று மேலே வந்தேன் என்றது நானாகக் கட்டிய கதை.