கல்லிலிருந்து நான் எடுத்த சொல்

2024 நவம்பர் 23, சனிக்கிழமை, காலை ஏழு பத்து. லேசான பனி, ஸ்வெட்டர் தேவைப்பட்டது. செகந்திராபாத் கல்லறைத் தோட்டத்தில் என் தங்கை கணவரின் முதலாண்டு நினைவு ஜெபம். வந்திருந்தவர்கள் இருபத்தாறு பேர். புதுக் கல்லை மூடியிருந்த வெள்ளைத் துணியைப் போதகர் எடுத்தார்.

கல்லில் போட வேண்டியதைத் தங்கை தன் கையால் எழுதித் தந்திருந்தாள். பெயர், அதன் கீழே ஆங்கிலத்தில் "ஐ ஹேவ் ரீச்ட்", கடைசியில் இறந்த தேதி. மச்சான் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளுக்கு அனுப்பும் செய்தி அது. ஓய்வு பெற்ற பிறகும், கச்சிபௌலியில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அதையே அனுப்புவார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

நான் முப்பத்து நான்கு வருடம் அலுவலகக் கடிதங்களைத் திருத்தியவன். முடிந்துபோன தேதியைச் சொன்னால் 'ஹேவ்' வரக்கூடாது, வெறும் இறந்தகாலம் போதும் என்று எத்தனை கடிதங்களில் அடித்திருப்பேன்! படித்தவர்கள் வந்து போகும் இடத்தில் பிழையோடு ஒரு கல் நிற்பதா என்று இரண்டு இரவு தூக்கமில்லை. தங்கையிடம் கேட்கவில்லை. அந்தச் சொல்லை அடித்துவிட்டுக் கல் செதுக்குகிறவரிடம் கொடுத்தேன். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. நான்கு எழுத்து மிச்சம் என்று சந்தோஷம் வேறு.

தங்கை விரல் வைத்துப் படித்தாள். பெயரைத் தாண்டியதும் விரல் நின்றது.

"அண்ணே, ஒரு வார்த்தை இல்லையே."

"கீழே தேதி வருதில்லம்மா. கிராமர்படி அது தப்பு."

அவள் மகள் திரும்பினாள். "மாமா, ஏன் மாத்துனீங்க? அப்பா என்ன உங்களுக்கு லீவ் லெட்டரா எழுதினாரு?"

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"சும்மா இருடி" என்றாள் தங்கை. பிறகு என்னைப் பார்க்காமலே, "திருத்தவா தந்தேன்? செதுக்கத்தானே தந்தேன், அண்ணே" என்றாள்.

பாட்டுப் பாடினார்கள். தங்கை கல்லின் மேல் பூ வைக்கவில்லை. பக்கத்தில் மண்ணில் வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை கல் கடைக்குப் போனேன். நடுவில் நான்கு எழுத்துக்கு இடமில்லை, கல்லையே மாற்ற வேண்டும் என்றார் கடைக்காரர்.

"சாப், எது சரி? இதுவா, அதுவா?"

"அந்தம்மா எழுதினதுதான்."

பழைய கல்லைப் பெயர்த்தபோது இரண்டாக உடைந்தது. தெரிந்தவர்கள் யாரும் வந்துவிடக் கூடாதே என்று நான் தோட்டத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுக் கல் பதித்த அன்று அந்த வரியின் பன்னிரண்டு எழுத்தையும் தொட்டு எண்ணிவிட்டு, தங்கைக்குப் போன் செய்தேன்.

"சரி பண்ணியாச்சும்மா."

"உங்க கிராமர் என்ன ஆச்சு?"

"அது கிடக்கட்டும்."

பிறகு, "எவ்வளவு ஆச்சுண்ணே?" என்றாள்.

அவளிடம் சொல்லவில்லை. கல், கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.