நடக்காத விழாவைத் தேடி உத்திரமேரூருக்கு

காலை ஆறே காலுக்குத் தாம்பரத்தில் காஞ்சிபுரம் ரயிலைப் பிடித்தேன். பழையசீவரத்துக்குப் பதினைந்து ரூபாய் டிக்கெட். சனிக்கிழமை என்பதால் ஜன்னலோரமே கிடைத்தது. பையில் தண்ணீர் பாட்டில், நான்கு இட்லி, என் புத்தகத்தின் மூன்றாம் பதிப்புக்கான அச்சுப்படி. திங்கட்கிழமைக்குள் அதைத் திருத்திப் பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். மற்ற பக்கங்களை முடித்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை மாற்றுவதா, இருந்தபடி விடுவதா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

அந்தப் பக்கத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் இதழியல் நடத்துகிறேன். தமிழ் நாளிதழ்களின் சிறுநகர நிருபர்களைப் பற்றியது என் ஆராய்ச்சி. சின்ன ஊர்களில் பேப்பர் ஏஜெண்ட்தான் அந்தப் பேப்பரின் நிருபரும். விடியற்காலையில் கட்டுப் பிரித்து வீடு வீடாகப் போடுவார், பகலில் செய்தி சேகரிப்பார், எழுதியதை உறையில் போட்டுச் சென்னை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். இவர்களைப் பற்றிப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதிய புத்தகம் பல கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. அதில் கொஞ்சம் கர்வமும் எனக்கு உண்டு.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டு செய்தி நறுக்குகள். உத்திரமேரூர் அருகே ஒரு கிராமத்தில் நூலகத் திறப்பு விழா நடந்தது, அதிகாரி ஒருவர் திறந்து வைத்தார், திரளான பொதுமக்கள் கலந்துகொண்டு சிறப்பித்தனர் என்று ஒரு பேப்பர். அதே நாள் காலையில் வந்த போட்டிப் பேப்பரில், மழையால் அந்த விழா ரத்து. இரண்டையும் அருகருகே வைத்து, மேலே ‘நடக்காத விழா’ என்று தலைப்புப் போட்டு, முதல் செய்தியை எழுதிய நிருபரின் பெயரையும் கொடுத்திருந்தேன். ஒவ்வோர் ஆண்டும் முதலாமாண்டு வகுப்பில் இதைப் படிப்பேன். ‘திரளான பொதுமக்கள்’ என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் இழுப்பேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும்.

இந்த ஆண்டு யாழினி என்ற மாணவி மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்து நின்றாள்.

“மேடம், அது எங்க தாத்தா. அவர் தப்பே பண்ணலன்னு சொல்ல வரல. அவர்கிட்ட நீங்க கேட்டீங்களான்னு மட்டும் சொல்லுங்க.”

நான் கேட்கவில்லை. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது நான் முதல் வாரத்திலேயே நடத்தும் பாடம். அந்தப் பெண் போன பிறகு வெகுநேரம் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

ஏழே முக்காலுக்குப் பழையசீவரத்தில் இறங்கினேன். பஸ்ஸுக்கு நேரமாகும் என்றார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் தினத்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“உத்திரமேரூரா? இருவது கிலோமீட்டருக்கு மேல கீது மேடம். நானூறு குடுங்க. கல்வெட்டு பாக்கவா?”

“இல்லங்க. ஏகாம்பரம்னு ஒருத்தர், பேப்பர் நிருபரா இருந்தவர்.”

“பேப்பர்கார நைனாவா? ஏறுங்க, ஏறுங்க. பஸ் ஸ்டாண்டாண்டதான் கட.”

பாலாற்றைக் கடந்தோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். நான் போன அன்று மூன்றும் மணலாகவே கூடியிருந்தன. அக்கரையில் பெருமாள் கோயிலைத் தாண்டியதும் ஜல்லி லாரிகள் எதிரே வரத் தொடங்கின. ஒவ்வொரு லாரிக்கும் ஆட்டோ சாலையை விட்டு இறங்கி ஏறியது. இடையில் நாற்று நட்ட வயல்களும் சவுக்குத் தோப்புகளும் வந்தன. வழியில் ஒரு தரைப்பாலம். அதன் கீழே ஓடை என்று சொல்லும்படி ஏதுமில்லை, கோரைப்புல்தான். அதற்குச் சற்று முன்னால் ஒரு கிராமத்தையும் கடந்தோம். அதுதான் என் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் கிராமம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒன்பது மணிக்கு உத்திரமேரூர். பஸ் நிலையத்தை ஒட்டிய பேப்பர் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்தாறு. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. மடியில் என் புத்தகப் பக்கத்தின் ஜெராக்ஸ் இருந்தது. பேத்தி அதை அனுப்பி, நான் வருவதையும் சொல்லியிருக்கிறாள்.

“ஒக்காருங்க மேடம். நாஷ்டா ஆச்சா?”

“ரயில்லயே ஆச்சு சார்.”

“கேக்க வந்தீங்களா, சொல்ல வந்தீங்களா?”

“கேக்கத்தான் வந்தேன்.”

“அப்ப மொதல்ல இத்த மாத்துங்க.” ஜெராக்ஸில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். கிராமம் உத்திரமேரூரில் இருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாக எழுதியிருந்தேன். “பதினாலு. சைக்கிள் மிதிச்சவனுக்குத் தெரியும். நீங்க அந்தப் பக்கமே வரலன்னு இத்தப் பாத்தவொடனே தெரிஞ்சிபோச்சி.”

எங்கிருந்து எடுத்தேன் அந்த ஆறை என்று இன்றுவரை நினைவில்லை.

“மத்தது நீங்க எழுதனது பொய் இல்ல,” என்றார் அவர். “விழாவ முன்னாடியே எழுதிட்டேன். மெட்ராஸ் பஸ்ஸு ரெண்டரைக்கு. விழா நாலு மணிக்கு. ரெண்டரைக்குக் கவர் போவலன்னா மறுநா பேப்பர்ல வராது. அதனால அழைப்பிதழ வெச்சிக்கினு மத்தியானமே எழுதிக் குடுத்துட்டு, அப்பறமா விழாவுக்குப் போவோம். எல்லாருமே அப்படித்தான் பண்ணிக்கினு இருந்தோம். எப்பவும் ஒரே மாரிதான் நடக்கும். மால, பொன்னாட, நன்றியுரை. அன்னிக்கு மட்டும் மழ வந்துட்ச்சி.”

இந்த வழக்கம் எனக்குத் தெரிந்ததுதான், புத்தகத்திலும் இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன், அவர் அப்படி ஒப்புக்கொண்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பக்கம் தப்பியது, ஆறைப் பதினான்காக்கினால் போதும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன்.

“ஆக, விழா நடக்கல, இல்லையா சார்?”

“யாரு சொன்னா நடக்கலன்னு?”

நான் போட்டிப் பேப்பரின் நறுக்கைக் காட்டினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மூணு மணிக்கு மழ புட்ச்சிக்கிச்சி. தரப்பாலத்து மேல தண்ணி போவுது. அதிகாரி ஜீப்பு அதுவரைக்கும் வந்து திரும்பிட்ச்சி. டிரைவர் டீக்கடைல வந்து சொன்னத வெச்சி, அந்தப் பேப்பர் நிருபரு ரத்துன்னு போன்ல சொல்லிட்டாரு. உத்திரமேரூர வுட்டு நகரல அவரு. நான் சைக்கிள தோள்ல தூக்கிக்கினு தண்ணில எறங்கிப் போய்ட்டேன். அங்க ஜனம் நின்னுக்கினு கீது. அண்டா நெறைய சக்கரப் பொங்கல் வெச்சிட்டாங்க. எவ்ளோ நேரம்தான் பாப்பாங்க? தொறந்துட்டாங்க.”

“யாரு தொறந்தது?”

அவர் செருப்பைத் தேடினார். “வாங்க, போலாம். நான் சொன்னா எழுதிக்குவீங்க. நாளைக்கு இன்னொருத்தன் வேற சொன்னா அதையும் எழுதிக்குவீங்க. வந்து பாத்துட்டு எழுதுங்க.”

அதே ஆட்டோவில், வந்த வழியே திரும்பினோம். இறங்கும்போது ஆட்டோக்காரர் மீட்டரில் கிலோமீட்டரைப் பார்த்து, “பதினாலு, சரியா கீது” என்றார்.

பத்தரை மணி. நூலகம் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும்தான். வாசலில் கறுப்புக் கல் பதித்திருந்தது. திறந்து வைத்தவர் என்று போட்டு, அன்று வராத அதிகாரியின் பெயர்.

“கல்லும் முன்னாடியே வெட்டிட்டாங்க மேடம். நான் மட்டுமா?” என்றார் ஏகாம்பரம்.

கல்வெட்டுக்குப் பேர்போன வட்டாரம் இது, கல்லில் இருந்தால் யாரும் கேள்வி கேட்காமல் நம்பிவிடுவார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நூலகர் நடுத்தர வயதுப் பெண். தமிழ்நாட்டில் எந்த நூலகத்துக்குப் போனாலும், உள்ளே நுழைந்ததும் வருகைப் பதிவேட்டில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டுவிட்டு, இதே பதிவேட்டின் முதல் புத்தகம், திறந்த நாளன்று எழுதியது, இருக்கிறதா என்று கேட்டேன்.

“கீதுங்க மேடம். எடுக்கறதுதான் பேஜார்,” என்று பேப்பர் மேசையைக் காட்டினார். மேசைக்கு ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக் கொடுத்திருந்த நான்கு பழைய பதிவேடுகளில் கடைசியாக, தரையோடு இருந்தது முதல் பதிவேடு. மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், “படிச்சிக்கினு இருக்கறோம்ல” என்று முணுமுணுத்தபடி எழுந்தார்கள். ஆட்டோக்காரரும் நானும் ஒரு பக்கம் தூக்க, நூலகர் குனிந்து உருவினார்.

அட்டை போயிருந்தது. முதல் பக்கத்தில் தேதி தெளிவாக இருந்தது. என் நறுக்குகளில் சொல்லியிருந்த விழா நாள்தான். மழையில் நனைந்து வந்த கைகள் பட்டு மை பல இடங்களில் பரவியிருந்தது. கையெழுத்துகளும் ரேகைகளுமாக நான் இரண்டு முறை எண்ணினேன். முப்பத்தெட்டுப் பேர். ‘திரளான பொதுமக்கள்’ என்று இத்தனை ஆண்டுகள் இழுத்து இழுத்துப் படித்தவள், மூன்றாம் முறையும் எண்ணிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

முதல் வரியில் ஒரு கட்டைவிரல் ரேகை. அதன் பக்கத்தில் சாய்ந்த எழுத்தில் கன்னியம்மாள் என்று இருந்தது.

“பேரு நான் எழுதனது. ரேக அந்தம்மாவுது,” என்றார் ஏகாம்பரம். “இந்தக் கட்டடத்துக்குச் சித்தாளா மண்ணு சொமந்தவங்க. வேல முடிஞ்சதும் பெருக்கித் தொடைக்கச் சாவி அவுங்க கைல இருந்திச்சி. இருட்டிக்கினு வருது, தொறங்கம்மான்னு சொன்னாங்க, தொறந்தாங்க. அவ்ளோதான். படிக்கத் தெரியாது. உள்ள வந்தா கையெழுத்துப் போடணும்னு அன்னிக்கி இருந்த நூலகர் புட்ச்சிக்கினாரு. அதனால மொத ரேக அவுங்களுது. இப்ப இல்ல, போய்ச் சேந்துட்டாங்க.”

“மறுநாள் இதை எழுதி அனுப்பலையா சார்?”

அவர் தாழ்வாரத்துக்கு வந்து தூணில் சாய்ந்து நின்றார்.

“எழுதனேன். மூணு நாளு பையிலயே வெச்சிக்கினு இருந்தேன். அனுப்புனா, அன்னிக்கு நீ போவாமலே எழுதனியான்னு கேப்பாங்க. ஏஜென்சி பூடும். அதனால அனுப்பல. அந்தம்மா ஒரு தரம் என்னக் கேட்டாங்க, பேப்பர்ல என் பேரு வந்துச்சாப்பான்னு. வரும்னு சொன்னேன்.”

சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியது. எதையாவது கொடுத்து அவரைத் தேற்ற வேண்டும் போலிருந்தது.

“அந்தப் பக்கத்தையே எடுத்துடறேன் சார். உங்க பேர் இனிமே புத்தகத்துல இருக்காது.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம்தான்.

“எடுத்தா யாருக்கு நல்லது? உங்களுக்கு. நீங்க தப்பு பண்ணது யாருக்கும் தெரியாம பூடும். என் பேரு இருக்கட்டும் மேடம். நான் எழுதனது தப்புதான். கூட அவுங்க பேரையும் போடுங்க.”

கிளம்பும்போது நூலகர் அந்தப் பதிவேட்டை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டினார். மேசைக்கு அதன் இடத்தில் ஒரு செங்கல்லைக் கொடுத்தார்கள். ஏகாம்பரத்தை உத்திரமேரூரில் விட்டபோது, மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன். யாழினி நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்டார். கேள்வி நன்றாகக் கேட்கிறாள் என்றேன்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பழையசீவரம் நடைமேடையில் உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்தேன். ‘ஆறு’ என்பதை அடித்துப் ‘பதினான்கு’ என்று எழுதினேன். அது சுலபம். தலைப்பை அடிக்கத்தான் கை தயங்கியது. அந்த அத்தியாயம் முழுவதும் அந்தத் தலைப்பின் மேல்தான் நிற்கிறது. அடுத்த ஆண்டு ஓய்வு பெறப் போகிறேன். இதை யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? வீட்டுக்குப் போய், நல்ல நடையில், ஆற அமர எழுதி அனுப்பலாமே என்றும் தோன்றியது. அந்த மூன்று நாளும் ஏகாம்பரத்துக்கு இப்படித்தான் தோன்றியிருக்கும்.

‘நடக்காத விழா’ என்பதை அடித்தேன். கீழே இப்படி எழுதினேன்: ‘இந்த விழா நடந்தது. நூலகத்தைத் திறந்தவர் கன்னியம்மாள், அதைக் கட்டிய சித்தாள். வருகைப் பதிவேட்டின் முதல் ரேகை அவருடையது. ஒரு நிருபர் நடக்கும் முன்பே எழுதினார். இன்னொருவர் போகாமலே எழுதினார். இந்த நூலாசிரியரும் முதல் இரண்டு பதிப்புகளில் போகாமலே எழுதினார்.’

ரயில் வருவதற்குள் பக்கத்தைப் போனில் படமெடுத்துப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஏகாம்பரத்துக்கு அனுப்பச் சொல்லி யாழினிக்கும் அனுப்பினேன்.

தாம்பரத்தில் என் வீட்டு அறையில் மூன்று சுவர்களுக்குப் புத்தகம். நான்காவது சுவரில், நான் படியெடுத்த பழைய பேப்பர் நறுக்குகள், ஆண்டுவாரியாக, மணி மணியாக. மேசைகூட ஆடாது. அந்த அறையில் இருந்து பழையசீவரத்துக்கு ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து அந்த நூலகத்துக்கு ஆட்டோவில் அரை மணி நேரத்துக்கும் குறைவு. போய்ச் சேர எனக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. செங்கல்பட்டு தாண்டும்போது போன் ஒலித்தது. யாழினியின் செய்தி: “தாத்தா படிச்சிட்டார் மேடம். சட்டை மாத்திக்கிட்டு கன்னியம்மா வீட்டுக்குப் போறார். அவங்க பொண்ணுகிட்ட, பேர் வந்துடுச்சுன்னு சொல்லணுமாம்.”