ஓடும் வண்டியில் இறங்குகிறவள்

வண்டி நகரத் தொடங்கிய பிறகுதான் பழனாத்தாள் படியிலிருந்து குதிப்பாள். மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடியில் பாலக்காட்டுப் பேருந்து நிற்பது ஆறு அல்லது ஏழு நிமிடம். நின்றதும் ஏறுவாள். தாள்கள் வைத்த பலகையோடு இருக்கை இருக்கையாகக் கேட்டுக்கொண்டே போவாள். விசில் ஊதி, வண்டி நாலு கஜம் உருண்டதும் சாலையில் நிற்பாள். சாவடி டீக்கடை பெஞ்சிலிருந்து இந்தப் பிப்ரவரி ஒன்பதாம் தேதி முதல் பார்க்கிறேன், ஒருமுறையும் தடுமாறியதில்லை. பல்கலைக்கழகக் கோ-கோ அணியில் ஆடுகிறவள்.

வயது இருபத்திரண்டு. பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே நெல்லும் தென்னையும் வைத்திருக்கும் ஆறுமுகசாமியின் மூத்த மகள். ஓய்வு, விளையாட்டு, சுற்றுலா மூன்றும் சேர்ந்த புதுப் படிப்பு ஒன்றைப் படிக்கிறாள். "வெளையாடறதுக்கும் ஊரு சுத்தறதுக்கும் ஒரு காலேசு, அதுக்கொரு பரீட்சையாமா!" என்று ஆறுமுகசாமி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்போடு ஒரு கெடுவும் வைத்திருக்கிறார்: இந்த வருடம் தேறாவிட்டால் வைகாசியில் கல்யாணம், உடுமலைப் பக்கத்து மாப்பிள்ளை.

தேற இருநூறு தாள் வேண்டும். ஒரு பயணிக்கு ஒரு தாள்: எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள், பொழுதுபோக்க எங்கே போவீர்கள். நம்பும்படி இல்லாத தாள் செல்லாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். கடைசி நாள் இருபத்தேழு, வெள்ளிக்கிழமை.

அவளுக்கு நிற்கத் தெரியாது. வண்டி இல்லாத நேரத்தில் மைல்கல்லுக்கும் சாவடிக் குறுக்குக்கட்டைக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பாள். பென்சிலின் ரப்பர் முனையைக் கடித்துக் கடித்துப் பாதியாக்கிவிட்டாள். டீயை மூன்றே மடக்கு. "உக்காந்து குடி அம்மிணி" என்பார் கடைக்காரர் பரீது. "உக்காந்தா காலு மரத்துப் போகுதுங்க" என்பாள்.

இருபத்துமூன்றாம் தேதி மாலை தாள்களை எண்ணினாள். நானும் சேர்ந்து எண்ணினேன். நூற்று அறுபத்துமூன்று. அதில் நூற்றுப் பதினெட்டுப் பேர் இழவுக்குப் போகிறவர்கள்.

"ஏனுங்க, அந்தப் பக்கம் வாந்திபேதி எதாச்சும் பரவியிருக்குதுங்களா?"

பரீது கிளாஸைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "கட்டைகிட்ட நின்னு கேட்டா, கேக்கறவங்களுக்கெல்லாம் எளவுன்னுதான் பதில் அம்மிணி."

எல்லை தாண்டி அரிசி கொண்டுபோகக் கூடாது என்பதும், தினமும் போகிறது என்பதும் நெல்காரர் மகளுக்குத் தெரியாததல்ல. பலகையும் பென்சிலுமாகத் தான் ஏறினால் ஜனங்களுக்கு என்ன தோன்றும் என்பதைத்தான் அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பத்து இருபது வண்டி. அன்று எனக்குச் சித்தூரில் ஒரு வேலை. பின் இருக்கையில் இருந்தேன். பழனாத்தாள் ஏறினாள். ஜன்னலோரம் சின்னத்தாயி, அறுபது வயதிருக்கும், வாரம் மூன்று நாள் போகிறவள்.

"ஆத்தா, எதுக்குப் போறீங்க?"

"மாமன் செத்துட்டாரு."

"போன செவ்வாக்கெழமையே செத்துட்டாருங்களே!"

"இது சின்ன மாமன் அம்மிணி."

வண்டியே சிரித்தது. சின்னத்தாயி சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தபடி, "நீ அரிசியாபீசுதானே? எளுதிராத சாமி" என்றாள் மெதுவாக. அவள் காலடியில் ஒரு மூட்டை. எட்டுப் படி இருக்கும்.

முன்வாசலில் சோதனைக்காரர் ஏறினார். பழனாத்தாள் குனிந்து மூட்டையைத் தூக்கினாள், சின்னத்தாயியின் பக்கத்தில் உட்கார்ந்தாள், அதை மடியில் வைத்து நூற்று அறுபத்துமூன்று தாளையும் மேலே பரப்பினாள்.

"என்னம்மா, இன்னிக்கு உக்காந்துட்ட?" என்றார் சோதனைக்காரர்.

"காலு மரத்துப் போச்சுங்க."

அவர் இறங்கினார். விசில் ஊதியது. நாலு கஜம், பத்துக் கஜம், மைல்கல் போயிற்று. பழனாத்தாள் குதிக்கவில்லை.

கட்டை கண்ணுக்கு மறைந்ததும் சின்னத்தாயி அவள் முழங்கையைத் தொட்டாள். "எளுதிக்க. அரிசியப் போட்டுட்டு நேரா மலம்புழா போவேன். அணைத் தோட்டத்துல தண்ணியப் பாத்துக்கிட்டுச் சும்மா ஒக்காந்திருப்பேன், சாயங்கால வண்டி வரைக்கும். எம் மருமவகிட்டச் சொல்லிப்போடாத."

"அம்மிணி, எனக்கும் சினிமான்னு மாத்திக்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "போன வாரம் நானும் எளவுன்னுதான் சொன்னேன்" என்றது இன்னொன்று.

பழனாத்தாள் கட்டுக்குள் தேடிச் சின்னத்தாயியின் பழைய தாளை உருவினாள். பென்சிலைத் தலைகீழாகப் பிடித்து, மிச்சமிருந்த ரப்பரால் பெரிய மாமனை அழிக்கத் தொடங்கினாள். மூட்டை இன்னும் அவள் மடியில்தான் இருந்தது.