5பி பேருந்தில் ஒரு சுண்ணாம்புக் கல்

தொண்ணூற்றேழு நவம்பர், ஒரு ஞாயிறு. பிற்பகல் இரண்டு மணிக்கு மந்தைவெளியில் மாமனார் வீட்டிலிருந்து கிளம்பினேன். ஐந்தரைக்கு மயிலாப்பூர் மன்றம் ஒன்றில் என் வேலையைப் பற்றி நான் பேச வேண்டும். ஹைதராபாத்தில், அணு உலைக்கான யுரேனிய வில்லைகளில் உடைந்ததையும் விரிசல் விட்டதையும் மறுபடி பொடியாக்கும் பிரிவில் எனக்கு வேலை. "மாப்ளே அங்க ஒடஞ்சதப் பொறுக்கிண்டிருக்கார்" என்று மாமனார் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அவரும் இன்று முன்வரிசையில் உட்காரப் போகிறார். இன்றைக்காவது அவர் வாயை அடைத்தாக வேண்டும்.

அந்த வில்லையை அரைத்தால் எந்திரம்தான் தேயும். காற்றில் சூடேற்றினால் பிராணவாயுவை இழுத்து உப்பி, தானே உதிரும். அந்தப் பொடியை ஹைட்ரஜனில் சூடாக்கினால் கூடுதல் பிராணவாயு கழன்று, பழைய யுரேனிய ஆக்சைடு கிடைக்கும். புதுப்பொடியோடு கலந்து மறுபடி வில்லை பிடிக்கலாம். யுரேனியத்தை மேடைக்குக் கொண்டுவர முடியாது. அதனால் சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் தெளித்து, அது உப்பி உதிர்வதைக் காட்டலாம் என்று திட்டம்.

மயிலாப்பூரில் கல்லே இல்லை. "மழைல எல்லாம் பூத்துப் பொடியாப் போச்சு சார், தி.நகர்ல பாரு" என்றார் கடைக்காரர். ஆட்டோவுக்கு முப்பது ரூபாய் அழுது, தி.நகரில் நாலு கடை ஏறி இறங்கி, ஒரே ஒரு முழுக் கல் வாங்கினேன்.

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஆழ்வார்பேட்டையில் முழங்கால் தண்ணீர் என்று எந்த ஆட்டோவும் வரவில்லை. 5பி பேருந்துதான் கிடைத்தது. பக்கத்தில் இருக்கும் மயிலாப்பூருக்கு அது சைதாப்பேட்டை, அடையாறு எல்லாம் சுற்றித்தான் போகும். இந்த வழியைப் போட்டவரை ஒரு நாள் இதிலேயே ஏற்றிவிட வேண்டும். ஜன்னல் தகடு வேறு பாதியில் நின்றுவிட்டது; சாரல் என் மடியில், கல் இருந்த துணிப்பை மேல் அடித்தது.

பக்கத்து இருக்கைக்காரர் எங்கே வேலை என்று கேட்டார். அணு எரிபொருள் ஆலை என்று சொல்லித் தொலைத்தேன். அடையாறு தாண்டியதும் அவர் துள்ளி எழுந்தார்.

"யோவ், பை சுட்டுக்கினு கீது! இன்னா வச்சிக்கீற?"

"சுண்ணாம்புங்க."

"அணுன்னு சொன்னியே நைனா!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. நடத்துநர் விசில் ஊதி, மந்தைவெளிக்கு முன்பே என்னை நடு மழையில் இறக்கிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நனைந்தபடி நடந்து மன்றத்தை அடைந்தபோது மணி ஆறு. மேடையில் பையைக் கவிழ்த்தேன். கல் இல்லை, வெதுவெதுப்பாக வெள்ளைப் பொடி கொட்டியது.

"யாரும் இதை இடிக்கவில்லை. தி.நகரில் கல்லாக வாங்கினேன். வழியில் தண்ணீர் பட்டு உப்பி, தானே உதிர்ந்துவிட்டது. எங்கள் வில்லையும் இப்படித்தான்" என்றேன். எரிச்சலில் அதோடு பேச்சை முடித்துக்கொண்டேன். கை தட்டினார்கள். மாமனார் மட்டும் தட்டவில்லை.

கூட்டம் கலைந்ததும் பொடியை வாரிக் குப்பைக் கூடையில் போடப் போனேன். மாமனார் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"ஐயையோ, தூக்கிப் போட்டுடாதீங்கோ மாப்ளே! கொல்லைச் சுவத்துக்கு வெள்ளையடிக்க ஆகுமே!"

சொல்லிவிட்டு, தரையில் குந்தி, சிந்தியதையெல்லாம் ஒரு பருக்கை விடாமல் பொறுக்கத் தொடங்கினார்.