மாடிக்கு ஒரு பகடை

என் வீட்டுக்காரர் டவர் கிரேன் ஓட்டுபவர். கட்டடத்துக்கு மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பகல் முழுக்க கம்பியும் கான்கிரீட்டும் தூக்கி இறக்குவார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் பகடையைக் கையில் எடுத்தால் போதும், கோட்டை, குகை, பூதம் என்று கொட்டித் தீர்த்துவிடுவார். அதில் கால்வாசியாவது கட்டிய பெண்டாட்டியிடம் பேசியிருந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்.

அது ஒரு கதை விளையாட்டு. கதையை நடத்துவது இவர். கதைக்குள் நடமாடும் ஆட்கள் இரண்டு பேர். என் தம்பி திருடன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் இவருடைய நண்பர் மந்திரவாதி. அவரை நாங்கள் மாத்திரை என்றுதான் கூப்பிடுவோம். என்ன செய்யப் போகிறோம் என்று இவர்கள் சொல்வார்கள், பலிக்குமா, எவ்வளவு அடி என்று பகடை சொல்லும். நான் ஆடுவதில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பேன்.

வாங்கி வந்த விதிப் புத்தகத்தில், தலையில் எது விழுந்தாலும் சேதாரத்துக்கு ஓர் உச்சவரம்பு போட்டிருந்தார்கள். பாறையே விழுந்தாலும் பெரிய வீரன் எழுந்து நடந்துவிடலாம். இவருக்கு வந்ததே கோபம்.

"ஸ்பேனர் விழுந்து ஹெல்மெட் ரெண்டா பொளந்ததை நான் பாத்திருக்கேன். இவன் எழுந்து நடப்பானாம்" என்றார்.

அந்தப் பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இவரே விதி செய்தார். விழும் உயரத்தில் மாடிக்கு ஒரு பகடை, வரும் எண்ணையெல்லாம் கூட்டினால் அடி. ஆள் கனத்துக்கு மேற்பட்ட பொருள் என்றால் இரட்டிப்பு. உச்சவரம்பு கிடையாது. விலகித் தப்பிக்க ஒரு தடவை உருட்டலாம். ஆனால் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தவனுக்கு அதுவும் கிடையாது. சைட்டில் வேலைக்குச் சேர்ந்ததும் சொல்லித் தருகிற பாடம் அது: மேலே பார்க்காதே, ஒதுங்கு. தம்பிக்கும் தெரியும். அவனும் அதே சைட்டில்தான், கீழே நின்று கிரேன் கொக்கியில் சுமை மாட்டுகிறான்.

ஒரு ஞாயிறு, கோட்டை மதிலிலிருந்து வாளி விழுந்து திருடனின் தோளில் லேசாகப் பட்டது. அந்த வாரமே கலவை வாளி ஒன்று நழுவி என் தம்பியின் தோளைச் சிராய்த்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நான்தான் சொன்னேன். அப்புறம் அரண்மனை ஜன்னல் கழன்று விழுந்தது, திருடன் நல்ல எண் உருட்டித் தப்பித்தான். சைட்டில் கண்ணாடிப் பலகை ஒன்று தம்பி நின்ற இடத்திலேயே விழுந்து நொறுங்கியது. ஷூ நாடா கட்ட அப்போதுதான் நகர்ந்திருந்தான்.

"அடுத்த தடவை தங்கக்காசு விழற மாதிரி சொல்லுங்களேன்" என்றார் மாத்திரை. யாரும் சிரிக்கவில்லை.

இந்த எழவை விட்டுத் தொலையுங்கள் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். விட்டால் அதை நம்பியதாக ஆகிவிடுமாம். மறுபடி உட்கார்ந்தார்கள்.

அன்றைக்குத் திருடன் ஒரு மணிக்கூண்டுக்குள் நுழைந்தான்.

"மேல கிறீச்சுனு ஒரு சத்தம்" என்றார் இவர்.

"என்னன்னு அண்ணாந்து பாக்கறேன்" என்றான் தம்பி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. தலைக்கு மேலே மணி, யானைக் கனம். ஒதுங்க வழியில்லை. இவர் பகடைகளை அள்ளினார், இரண்டு கையும் நிறைந்தது. உருட்டவில்லை. ஒரு டம்ளரில் போட்டுத் தட்டால் மூடி, "மிச்சம் அடுத்த வாரம்" என்று எழுந்துவிட்டார்.

அதுதான் தப்பு. உருட்டியிருந்தால் நல்லதோ கெட்டதோ ஏதோ ஒன்று முடிந்திருக்கும். இப்போது அந்த மணி பாதி வழியில் நின்றுவிட்டது. அந்த வாரம் முழுக்க தம்பி மின்விசிறிக்குக் கீழே உட்காரவில்லை, நிலைப்படியில் நின்றே சாப்பிட்டான். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவன் வேலைக்குக் கிளம்பினால் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நிற்பேன். அலமாரியில் தட்டுப் போட்ட டம்ளருக்குள் பகடைகள் புரளும் சத்தம் கேட்டது. எலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டில் எலி கிடையாது.

அடுத்த ஞாயிறு இவர் உட்கார்ந்ததும், "மணிக்கூண்டுல ஒரு காவல்காரன் இருக்கான். அது நான்" என்றார்.

"கதை நடத்தறவர் எப்படி ஆடலாம்?" என்றார் மாத்திரை.

"ஆடறேன். காவல்காரன் திருடனைத் தள்ளிவிட்டுட்டு அந்த இடத்துல நிக்கறான்."

நான் எழுந்து வருவதற்குள் டம்ளரைக் கவிழ்த்துவிட்டார். ஆறு, ஆறு, ஆறு. ஒன்று மேசையிலிருந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. அதுவும் ஆறு. தம்பி அழுதுவிட்டான். இவர் தண்ணீர் கேட்டார்.

"நீங்க உச்சியில உக்காந்திருக்கீங்க. உங்க தலைக்கு மேல ஆகாசம்தான். என்ன விழுந்துடும்?" என்று தைரியம் சொன்னேன்.

"எதுவும் விழாது. அப்ப நான்தானே விழணும்?" என்றார்.

அதற்கப்புறம் அவர் மேலே ஏறவில்லை. மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கீழே வேலை கேட்டார். கீழே என்றால் ஒதுங்க ஒரு வாய்ப்பாவது உண்டு என்பது அவர் கணக்கு. மேஸ்திரியும் சரி என்றுவிட்டார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

இன்று காலை தம்பி வண்டியை வாசலில் நிறுத்தினான். முகமெல்லாம் பல்.

"அக்கா, மாமாவோட சீட்டு எனக்குத்தான். கிரேன் லைசென்ஸ் வாங்கினதுக்கு இப்பத்தான் விடிவு. இனிமே நான் மேல, மாமா கீழ."

இவர் உள்ளே குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

"என்னங்க, உங்க ஆட்டத்துல ஆள் மேல ஆள் விழுந்தா என்ன விதி?"

அவர் நிமிரவில்லை.

"சேதாரத்தை ரெண்டு பேரும் சரிபாதியா பிரிச்சுக்கணும்" என்றார். நாடாவை முடிந்துகொண்டே, "கதவைத் தொற. கீழ நான் நிக்கலைன்னா முழுசும் அவனுக்குத்தான்" என்றார்.

ஒருவர் நான் கட்டிக்கொண்டவர், ஒருவன் என் கூடப் பிறந்தவன். தாழ்ப்பாளில் வைத்த கையை என்னால் எடுக்கவும் முடியவில்லை, அதை இழுத்துத் திறக்கவும் முடியவில்லை. வெளியே ஹாரன் அடித்தது.

"மாமா, நேரமாச்சு. நீங்க பின்னாடி வாங்க, நான் முன்னாடி போய் மேல ஏறிடறேன்" என்றான் தம்பி.